ஒரு பென்னியால் உலகை இணைத்த ஆசிரியர்: சேர் ரோலண்ட் ஹில்

எமது வீடுகளுக்கு வரும் ஒவ்வொரு கடித உறையிலும் இரண்டு விடயங்கள் தவறாமல் இருக்கின்றன. நடுவில் முகவரி, வலது மேல் மூலையில் முத்திரை. கடிதம் எங்கே போக வேண்டும் என்பதை முகவரி சொல்கிறது. அதற்கான கூலி ஏற்கனவே செலுத்தப்பட்டுவிட்டது என்பதை முத்திரை சொல்கிறது. இவ்விரண்டையும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், ஆதிகாலந்தொட்டே இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்னர் நிலைமை வேறு. கடிதத்தை அனுப்பியவர் கையை வீசிக்கொண்டு போய்விடுவார். அதைப் பெறுபவர்தான் வாசலில் நின்று பணம் கொடுக்க வேண்டும். பணம் இல்லையென்றால் கடிதமும் இல்லை.

இந்த வழக்கத்தை மாற்றியவர் ஒரு மன்னரோ, மந்திரியோ, தபால் அதிகாரியோ அல்லர். அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர்தான் சேர் ரோலண்ட் ஹில்.

தபாலும் மன்னர்களும்

தபால் சேவை மிகப் பழைமையானது. இஸ்லாமிய வரலாற்றைப் படிக்கும் நாம் பரீத் என்ற அஞ்சல் சேவையைப் பற்றி அறிந்திருக்கிறோம். கலீபா முஆவியா (ரழி) அவர்களின் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டு, அப்துல் மலிக் பின் மர்வானின் ஆட்சியில் விரிவுபெற்ற சேவை அது. வழிநெடுகத் தங்குமிடங்களும், மாற்றிக்கொள்வதற்கான வாகன மிருகங்களும் ஆயத்தமாக இருக்கும். இன்றும் அரபு நாடுகளில் தபாலுக்கு வழங்கும் பெயர் பரீத் என்பதேயாகும்.

எனினும் அக்காலத்துத் தபால்கள் பெரும்பாலும் அரசாங்கத்தின் தேவைக்கானவை. கட்டளைகளும் செய்திகளும் தலைநகருக்கும் மாகாணங்களுக்கும் இடையே ஓடின. வெளியூருக்கு உழைக்கச் சென்ற மகனின் சுகசெய்தி ஏழைத் தாய்க்கு எட்டுவதற்கு அந்த ஏற்பாட்டில் இடமிருக்கவில்லை. ஐரோப்பாவில் பொதுமக்களும் தபாலைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரும் அதன் கட்டணம் ஏழைக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது.

வாசற்கதவைத் தட்டும் ஓசை

ரோலண்ட் ஹில் 1795 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் என்ற நகரில் பிறந்தார். தந்தை தோமஸ் ரைட் ஹில் அறிவாளி, புதிய சிந்தனைகளில் ஆர்வமுள்ளவர். ஆனால் பணம் சேர்க்கத் தெரியாதவர். பிள்ளைகள் பலர். வீட்டின் வரவையும் செலவையும் இழுத்துப் பிடித்து நடத்தியவர் தாய்தான்.

தபால்காரர் கதவைத் தட்டும் ஓசை கேட்டால் அந்தத் தாயின் நெஞ்சு பதறும். கடிதம் வருவது மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குக் கொடுக்கக் கையில் காசு இருக்க வேண்டுமே! ஒருமுறை அந்தக் காசுக்காகவே, வீட்டில் சேர்ந்திருந்த துணித் துண்டுகளைப் பையில் கட்டி, சிறுவன் ரோலண்டிடம் கொடுத்து விற்று வரச் சொன்னார். மூன்று சிலிங் கிடைத்தது. பிற்காலத்தில் ஹில் எத்தனையோ புள்ளிவிபரங்களைத் தொகுத்தார். எனினும் தபால் கட்டணம் என்றால் என்ன என்பதை அவர் முதலில் கற்றுக்கொண்டது தன் தாயின் முகத்திலிருந்துதான்.

சிறுவயதில் அவர் நோயாளியாக இருந்தார். நீண்ட நாட்கள் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. பொழுது போவதற்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கி, இலட்சக்கணக்கில் எண்ணிக்கொண்டே போவாராம். எண்களுடனான இந்த நட்பு அவரை வாழ்நாள் முழுதும் விட்டு விலகவில்லை.

பிரம்பு இல்லாத பாடசாலை

தந்தை பேர்மிங்ஹாமில் ஒரு பாடசாலை நடத்தினார். பன்னிரண்டு வயதிலேயே ரோலண்ட் அங்கு மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். 1819இல் ஹில் குடும்பத்தினர் ஹேசல்வூட் என்ற புதிய பாடசாலையை ஆரம்பித்தனர். அக்கால இங்கிலாந்தில் பிரம்பில்லாமல் பாடசாலை இல்லை. ஆனால் ஹேசல்வூட்டில் பிரம்புக்கு இடமிருக்கவில்லை. பிழை செய்த மாணவனை மாணவர்களே நடத்தும் ஒரு நீதிமன்றம் விசாரித்தது. ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த முறை பற்றி எழுதப்பட்ட நூல் வெளிநாட்டவரையும் அங்கே வரவழைத்தது. 1827இல் லண்டனுக்கு அருகே டொட்டன்ஹாமில் உள்ள புரூஸ் காசில் என்ற இடத்திலும் பாடசாலை திறக்கப்பட்டது. அதே வருடம் ஹில், கரோலின் பியர்சன் என்ற பெண்ணை மணந்தார். பிற்காலத்தில் கணவரின் கணக்குகளிலும் எழுத்து வேலைகளிலும் அவர் உறுதுணையாக நின்றார்.

1833இல் உடல்நலக் குறைவால் ஹில் ஆசிரியப் பணியிலிருந்து விலகினார். பின்னர் தென் அவுஸ்திரேலியாவில் மக்களைக் குடியேற்றும் ஆணைக்குழுவின் செயலாளரானார். இக்காலத்தில்தான் அவரது கவனம் தபாலின் பக்கம் திரும்பியது.

முப்பத்தாறில் ஒரு பங்கு

அன்றைய பிரித்தானியத் தபால் கட்டணம் இரண்டு அளவுகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஒன்று தூரம்; மற்றையது தாள்களின் எண்ணிக்கை. ஒரு தாளுக்கு ஒரு கட்டணம் என்றால் இரண்டு தாளுக்கு இரட்டிப்பு. கடித உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டது. ஆகவே எவரும் உறை பாவிக்கவில்லை. தாளையே மடித்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள். தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதினார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் கடிதம் செல்ல ஒரு சிலிங்கும் ஒன்றரைப் பென்னியும் வேண்டும். ஒரு பண்ணைத் தொழிலாளியின் ஒருநாள் கூலியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதேவேளை பாராளுமன்ற உறுப்பினர்கள் உறையில் கையொப்பமிட்டாலே போதும், கடிதம் இலவசமாகச் செல்லும். கொடுக்க இயலாதவரிடம் அறவிட்டு, கொடுக்கக்கூடியவரை விட்டுவிடுகின்ற முறை அது.

மக்கள் தந்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். கவிஞர் கொலரிட்ஜ் கண்ட ஒரு நிகழ்ச்சியை ஹில் தன் நூலில் சேர்த்திருக்கிறார். ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கடிதம் வந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் இல்லையென்று திருப்பிக் கொடுத்தாள். இரக்கப்பட்ட கவிஞர் தானே பணத்தைக் கொடுத்து வாங்கித் தந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெற்றுத்தாள்! அவளது சகோதரன் சுகமாக இருக்கிறான் என்பதற்கு அந்தக் கடிதம் வந்ததே அடையாளம். பணம் கொடுக்காமலே செய்தி கிடைத்துவிட்டது. ஹில்லுக்கே இது நேர்ந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள், அது சரியன்று.

ஹில் அரசாங்க அறிக்கைகளை வரவழைத்து, நாட்கணக்கில் இருந்து கணக்குப் பார்த்தார். இருபது வருடங்களாகச் சனத்தொகை பெருகியிருந்தது; வியாபாரம் பெருகியிருந்தது; பிரயாணிகள் வண்டிகளின் வருமானமும் பெருகியிருந்தது. தபாலின் வருமானம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அப்படியென்றால் மக்கள் எழுத விரும்பாமல் இல்லை, எழுத முடியாமல் இருக்கிறார்கள் என்பதே பொருள்.

அடுத்து, ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்ல உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்குத் தபால் வண்டி ஒருமுறை சென்றுவர அல்ல, சென்றுசேர மட்டும் ஏறக்குறைய 5 பவுண் செலவு. அதை வண்டியில் ஏறும் சுமையால் பிரித்தபோது ஒரு கடிதத்தின் பங்கு ஒரு பென்னியின் முப்பத்தாறில் ஒரு பங்கு மட்டுமே! ஆகவே, தூரம் செலவே இல்லை என்று சொல்லிவிடலாம். பிறகு செலவு எங்கே? ஒவ்வொரு கடிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துத் தாள்களை எண்ணுவது, தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் எழுதுவது, புத்தகத்தில் பதிவது, வாசல்வாசலாக நின்று பணம் அறவிடுவது. செலவு முழுவதும் இந்த வேலைகளில்தான் இருந்தது.

நோய் எதுவென்று தெரிந்ததும் மருந்தும் தெரிந்துவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம். தாளை எண்ணாமல் நிறையைப் பார்ப்பது. அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி. அதை அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்திவிட வேண்டும். செலுத்தியதற்கு அடையாளமாகப் பின்புறம் பசை தடவிய சிறு காகிதத் துண்டு ஒன்றை உறையில் ஒட்டலாம். 1837இல் தபால் சீர்திருத்தம் பற்றிய தனது சிறுநூலில் இவற்றையெல்லாம் அவர் முன்வைத்தார்.

எதிர்ப்பும் வெற்றியும்

தபால் மா அதிபராக இருந்த லிச்ஃபீல்ட் பிரபு இத்திட்டத்தைப் பைத்தியக்காரத்தனம் என்றே கருதினார். கடிதங்கள் பெருகினால் தபாலகத்தின் சுவர்களே தாங்காது என்றும் அஞ்சினார். ஆனால் வியாபாரிகளும் பத்திரிகைகளும் பொதுமக்களும் ஹில்லின் பக்கம் நின்றார்கள். ஹென்றி கோல் என்பவர் மக்களிடையே பெரும் பிரசாரம் செய்தார். பாராளுமன்றத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. 1839 ஓகஸ்டில் சட்டம் நிறைவேறியது.

முத்திரை எப்படி அமைய வேண்டும் என்று யோசனை கேட்டபோது 2,600 அளவிலான விண்ணப்பங்கள் வந்தன. 1840 ஜனவரி 10ஆம் திகதி நாடு முழுவதும் ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் மே 6ஆம் திகதி முதல் பென்னி பிளாக் எனப்படும் கறுப்பு முத்திரை செல்லுபடியானது. உலகின் முதலாவது ஒட்டும் தபால் முத்திரை அதுதான். இளம் விக்டோரியா மகாராணியின் தலை அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு தாளில் 240 முத்திரைகள். அன்றைய கணக்கில் 240 பென்னி ஒரு பவுண். ஓரத்தில் துளைகள் இல்லை. கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். நாட்டின் பெயரும் அதில் இல்லை. வேறெந்த நாட்டிலும் முத்திரை இல்லாதபோது பெயர் எதற்கு? இன்றுவரை பிரித்தானிய முத்திரைகளில் நாட்டின் பெயர் அச்சிடப்படுவதில்லை.

எல்லாமே முதல் தடவையில் சரியாகிவிடவில்லை. முத்திரையுடன் வெளியிடப்பட்ட படம் வரைந்த உறையை மக்கள் கேலி செய்ததால் அது கைவிடப்பட்டது. கறுப்பு முத்திரையின் மேல் குத்திய சிவப்பு மையைச் சிலர் அழித்து, முத்திரையை மீண்டும் பாவித்தார்கள். ஆகவே அடுத்த வருடமே முத்திரை சிவப்பானது, மை கறுப்பானது. ஆனால் மூலத்திட்டம் வென்றுவிட்டது. 1839இல் 76 மில்லியன் அளவில் இருந்த கடிதங்கள் 1840இல் 169 மில்லியன் அளவுக்கு உயர்ந்தன.

இவ்வளவு இருந்தும் 1842இல் புதிய அரசாங்கம் ஹில்லைப் பதவியிலிருந்து நீக்கியது. கடிதங்கள் பெருகினாலும் இலாபம் பழைய அளவுக்கு வர நீண்டகாலம் எடுத்தது. அதிகாரிகளுக்கு அது நல்ல சாட்டாயிற்று. அவர் மனமுடைந்து போகவில்லை. ஒரு புகையிரதக் கம்பனியின் தலைவராகச் சில வருடங்கள் வேலை செய்தார். நன்றி மறவாத மக்கள் 13,000 பவுண் சேர்த்து அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். 1846இல் ஆட்சி மாறியதும் மீண்டும் தபால் திணைக்களத்துக்கு அழைக்கப்பட்டார். 1854இல் அதன் செயலாளரானார்.

முகவரி பிறந்த விதம்

ஹில்லின் இரண்டாவது பெரும்பணி முகவரியோடு தொடர்புடையது. பணம் அறவிடும் வேலை இல்லாதபோது தபால்காரர் வாசலில் காத்து நிற்கத் தேவையில்லை. ஆகவே கதவில் ஒரு துவாரம் வைத்தால் கடிதத்தை உள்ளே போட்டுவிட்டுப் போகலாம் என்று அவர் யோசனை கூறினார். ஆனால் எந்தக் கதவு?

லண்டனில் ஒரே பெயரில் பல வீதிகள் இருந்தன. எமது நாட்டிலும் இதே கதைதான். பள்ளிவாசல் வீதி இல்லாத முஸ்லிம் ஊர் எது? இலக்கம் 12, பள்ளிவாசல் வீதி என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் எந்த ஊரில் கதவைத் தட்டும்? இதற்காக 1850களின் பிற்பகுதியில் ஹில்லின் திட்டப்படி லண்டன் பத்துத் தபால் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. கிழக்கு, மேற்கு, தென்கிழக்கு என்று திசையைக் குறிக்கும் எழுத்துகள் முகவரியின் முடிவில் சேர்ந்தன. நாம் கொழும்பு 9, கொழும்பு 12 என்று எழுதுவதும், மாத்தளைக்கு 21000, தம்புள்ளைக்கு 21100, உக்குவளைக்கு 21300, ரத்தோட்டைக்கு 21400 என்று குறியீடு இடுவதும் அதே சிந்தனையின் வழியில் வந்தவையே.

முகவரியை நாம் மேலிருந்து கீழாக எழுதுகிறோம். தபால் ஊழியர்கள் அதைக் கீழிருந்து மேலாக வாசிக்கிறார்கள். முதலில் நாடு, பிறகு தபாற் குறியீடும் ஊரும், பிறகு உப தபாலகம். அங்கே பையைத் தோளில் மாட்டும் தபால்காரர் வீதியையும் வீட்டு இலக்கத்தையும் பார்ப்பார். கடைசியாகப் பெயரைப் பார்ப்பவர்கள் வீட்டார்தான். ஒவ்வொரு கையும் தனக்குரிய ஒரு வரியை வாசித்து அடுத்த கைக்கு ஒப்படைக்கிறது. கடிதம் ஓர் அமானிதம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

வீட்டுக்கு விநியோகம் இல்லாத இடங்களுக்கு வேறொரு வழி உண்டு. தபாலகத்திலேயே பூட்டுள்ள ஒரு சிறுபெட்டியை வாடகைக்கு எடுத்தால் அதன் இலக்கமே முகவரியாகிவிடும். கடிதம் வீடு தேடி வராது. உரியவரே சென்று திறந்து எடுக்க வேண்டும். எமது ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற வாப்பாமாரின் முகவரிகளில் வீதியோ வீட்டு இலக்கமோ இராது. தொழில்தருநரின் பெயரும் ஒரு தபால் பெட்டி இலக்கமும் நகரத்தின் பெயருமே இருக்கும். அந்த ஓர் இலக்கத்தை நம்பியே பல உம்மாமார் மாதந்தோறும் கடிதம் எழுதினார்கள்.

இலங்கையிலும் மாத்தளையிலும்

ஹில்லின் மாற்றம் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. 1832இலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் இழுக்கும் தபால் வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. 1857 ஏப்ரல் 1ஆம் திகதி இலங்கையின் முதலாவது முத்திரை வெளிவந்தது. அது ஆறு பென்ஸ் பெறுமதியானது. இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதங்களுக்கானது. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் புகையிரதம் வந்ததோடு தபாற் பைகளின் பயணமும் விரைவாகியது. 1874இல் உருவான சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் 1877இல் இலங்கையும் இணைந்தது. ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடுகளும் மதிக்கும் காலம் பிறந்தது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் ஆரம்பித்த முஸ்லிம் நேசன் போன்ற பத்திரிகைகள் தூரத்து ஊர்களின் வாசகர்களைத் தேடிச் செல்வதற்கு இந்த மலிவான தபால் பேருதவியாக இருந்தது.

மாத்தளையின் மலைகளில் முதலில் கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களும் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளர்கள் அங்கே லயங்களில் குடியமர்ந்தார்கள். தோட்டத்தின் தப்பால்காரர் தினமும் நகரத்துக்குப் போய்ப் பையை எடுத்து வந்து தோட்டக் காரியாலயத்தில் சேர்ப்பார். துரைக்கு வந்ததும் தொழிலாளிக்கு வந்ததும் ஒரே பையில்தான் வரும். ஆனால் துரையின் கடிதம் மேசைக்குப் போகும். தொழிலாளியின் கடிதம் யாராவது கொண்டுபோய்க் கொடுக்கும்வரை காத்திருக்கும்.

இது முடிந்துபோன கதையன்று. லயக் காம்பராக்களில் வாழும் பல குடும்பங்களுக்கு இன்றும் தமக்கென்று ஒரு வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. தோட்டத்தின் பெயரே அத்தனை பேருக்கும் முகவரி. ஒரே பெயருள்ள இருவர் ஒரே தோட்டத்தில் இருந்தால் கடிதம் யாருக்கு? நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, வங்கியின் அறிவித்தல், நீதிமன்றக் கட்டளை ஆகியவை திகதி கடந்து கிடைத்தால் அதன் இழப்பை யார் ஈடுசெய்வார்? உயர்தரம் எழுதும் எம்மைப் போன்ற பிள்ளைகள் அந்த லயங்களிலும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பதை ஹில் சாதித்தார். எல்லோருக்கும் ஒரு கதவு, ஓர் இலக்கம் என்பது எமது மாவட்டத்தில் இன்னும் முழுமையாகவில்லை. பிரதேச சபையும் தபால் திணைக்களமும் தோட்ட நிருவாகமும் ஒன்றாக அமர்ந்தால், லயங்களுக்குப் பெயரும் காம்பராக்களுக்கு இலக்கமும் இடுவது பெரிய செலவுள்ள காரியம் அன்று.

இறுதிக் காலம்

1860இல் ஹில்லுக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1864இல் உடல்நலம் குன்றி ஓய்வுபெற்றார். பாராளுமன்றம் அவருக்கு 20,000 பவுண் வழங்கிக் கௌரவித்தது. அவரிடம் குறைகளும் இருந்தன. தன் கருத்தே சரியென்று பிடிவாதம் பிடிப்பார். உடன் வேலை செய்தவர்களோடு எளிதில் ஒத்துப்போகமாட்டார். தபால் திணைக்களத்தில் பணிபுரிந்தவரும், பிரித்தானியத் தீவுகளில் வீதியோரத் தபால் தூண்களை அறிமுகப்படுத்தியவருமான நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப்புக்கும் அவருக்கும் ஒத்துவரவே இல்லை. ஒட்டும் முத்திரை என்ற யோசனை தமக்கே உரியது என்று ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் சால்மர்ஸ் தரப்பினர் பின்னாளில் வாதாடினார்கள். ஆனால் தூரத்துக்குச் செலவில்லை என்பதைக் கணக்கால் காட்டி, அதை ஓர் அரசாங்கத்தையே ஏற்கச் செய்தவர் ஹில்தான் என்பதில் ஐயமில்லை.

1879 ஓகஸ்ட் 27ஆம் திகதி, தனது 83ஆவது வயதில், லண்டனின் ஹம்ஸ்டெட்டில் அவர் காலமானார். மன்னர்களும் அறிஞர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று கையடக்கத் தொலைபேசியில் நொடியில் செய்தி போய்விடுகிறது. கடிதம் எழுதுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் கடையில் வாங்கும் பொருள் வீட்டுக்கு வர முகவரி வேண்டும். பதிவுத் தபாலில் வரும் ஆவணத்தைப் பெற முகவரி வேண்டும். அது இல்லாதவர் நாட்டின் கணக்கில் பாதி மறைந்தவராகவே இருக்கிறார். காசில்லாமல் கடிதத்தைத் திருப்பி அனுப்ப நேருமோ என்று பயந்த ஒரு தாயின் மகன், அந்தப் பயத்தை ஒரு நாட்டின் எல்லாத் தாய்மாரிடமிருந்தும் நீக்கிவிட்டார். மாத்தளை மலைகளில், தன் பிள்ளைக்கு வந்த கடிதம் எங்கே தங்கிவிட்டதோ என்று ஏங்கும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஏக்கத்தையும் நீக்குவதற்குத் தேவை ஹில்லிடம் இருந்த அதே இரண்டும்தான்: பொறுமையாகக் கணக்குப் பார்க்கும் மனமும், ஏழையின் வாசலில் நின்று யோசிக்கும் இரக்கமும்.